காதுகுத்துக்குப் போய்ப் படகு பார்த்த கதை

பினாங்குத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் தகரப் பெட்டியைத் திறந்தார். முதலில் வெளியே வந்தவை அருப்புக்கோட்டைச் சேலைகள் இரண்டு. அடுத்து கருப்பட்டி மிட்டாய், காரச்சேவு, ஒரு சின்னப் பட்டுப் பாவாடை. எல்லாவற்றுக்கும் அடியில் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த மின்சாரம் சோதிக்கும் என் மீட்டரும் ஸ்பேனர் பையும் இருந்தன. அதிகாரி மீட்டரின் இரண்டு ஒயர்களையும் தூக்கிப் பிடித்து, எதற்கு வந்திருக்கிறாய் என்று கேட்டார். காதுகுத்துக்கு என்றேன். பக்கத்தில் நின்ற தமிழ்க் கூலியாள் அதை மலாயில் சொன்னதும், அதிகாரி ஒயர் முனைகளில் இருந்த ஊசிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை வைத்தா குத்துவார்கள்?" என்று அவர் கேட்டதாகக் கூலியாள் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். மீட்டர் இல்லாமல் வெளியூர் போனால் சட்டை போடாமல் போனது போல இருக்கும். விசைத்தறி மோட்டார், கிணற்று மோட்டார் எல்லாம் எங்களிடந்தான் வரும். வருஷத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள் ஆயுத பூஜைக்கு மறுநாள். பயபக்தியோடு மோட்டாரைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டப் பொட்டு வைத்து, சுவிட்சைப் போட்டுப் புகைய விட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் பொட்டைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். சொந்த ஊரான பந்தல்குடியில் எங்கள் கிணறு வற்றி இரண்டு கோடை ஆகியிருந்தது. என் அக்கா பாக்கியம் பினாங்கில் இருந்தாள். அவள் கணவர் முத்தையா மச்சான் திருச்சுழிப் பக்கத்துக்காரர். இளவயதில் கப்பலேறிப் போனவர், அங்கே ஒரு சீன முதலாளியின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அவர்களுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த வள்ளிக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக எழுதியதால் நான் கடல் தாண்டினேன்.

படகுத்துறையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பலகை வீடு. முதலாளி கொடுத்தது. அக்கா என்னைக் கண்டதும் ஓடி வந்தாளே தவிர முகத்தில் சிரிப்பு ஒட்டவில்லை. வள்ளி என்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் கையில் கிழிந்த சேலைத் துண்டால் கழுத்து வரை சுற்றிய ஒரு மரப் பொம்மை. அதன் நெற்றியில் குங்குமப் பொட்டு. குளிக்கும்போதுகூட அதை விடமாட்டாளாம். மீன் குழம்பும் சோறும் போட்டாள் அக்கா. தேங்காய்ப் பால் ஊற்றிய குழம்பு, எங்கள் ஊர்க் காரத்துக்கு நாக்கு ஏங்கினாலும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"மச்சான எங்கக்கா காணோம்?"

"படகுலதான் கெடக்காக. சோறு திங்க மட்டுந்தான் வீட்டுக்கு வாராக. காதுகுத்தே நடக்குமோ நடக்காதோன்னு இருக்கு தம்பி."

அப்புறம்தான் விஷயம் வந்தது. படகில் ஆழம் காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு. அது கெட்டுப்போய், படகு இரண்டு தடவை சேற்றில் ஏறிவிட்டது. சீனப் புத்தாண்டுக்குத் தவுக்கே தன் பேரன் பேத்திகளைப் படகில் அழைத்துப் போகப் போகிறார். தவுக்கே என்றால் அங்கே முதலாளி. மச்சானுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. தவுக்கே கையெழுத்துப் போட்டால்தான் வருஷா வருஷம் வேலை அனுமதி புதுப்பிப்பார்கள். அந்த மாதக் கடைசியில் கெடு. படகைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தவுக்கே சொல்லிவிட்டாராம். கையெழுத்து இல்லையென்றால் வேலை இல்லை, வீடு இல்லை, மூன்று பேரும் கப்பலேற வேண்டியதுதான்.

"அங்க வந்து என்ன செய்ய? கெணத்துல தண்ணி இருக்கா, தறியில எடம் இருக்கா?" என்றாள் அக்கா.

மறுநாள் காலை ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் படகைப் பார்க்கக் கிளம்பினேன். விருதுநகர்ப் புரோட்டாவின் தூரத்து உறவு அது, ஆனால் எண்ணெயில் நீந்தத் தெரியாதது. ரிக்ஷாவில் ஏறினால், அங்கே ஓட்டுபவர் பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறார், சவாரி முன்னால். எதிரே வருகிற லாரிக்கெல்லாம் முதலில் என் முட்டியைத்தான் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, தூங்க வேண்டாம், சீக்கிரம் வந்துவிடும் என்று மலாயில் ஆறுதல் சொன்னாராம். பக்கத்து ரிக்ஷாவில் வந்த மாரியாத்தா கோயில் பூக்காரம்மா இதை எனக்குத் தமிழில் சொன்னார்.

படகு அழகாக இருந்தது. முப்பதடி நீளம், மரப்படகு. ஒரு ஆணித் தலைகூடத் துருப்பிடிக்கவில்லை. மச்சான் அதை அப்படி வைத்திருந்தார். பத்து வருஷமாகக் கடலில் இருந்தாலும் அவருக்கு நீந்தத் தெரியாது. திருச்சுழிக்காரருக்கு எங்கே போய்ப் பழக?

"ஐப்பசியில கரையேத்திப் பெயின்ட் அடிச்சு எறக்குனேன் மாப்ள. அதுல இருந்துதான் இந்தக் கிறுக்கு. அதுக்கு முன்ன ஒரு கொறையும் சொல்ல முடியாது."

மீட்டரைக் காட்டினார். வட்டமான முகம், சுற்றிலும் பூஜ்யத்திலிருந்து அறுபது வரை அடிக்கணக்கு. சுவிட்சைப் போட்டால் பூஜ்யத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் மினுக்கும். இன்னோர் இடத்தில் இரண்டாவது வெளிச்சம் மினுக்க வேண்டும், அதுதான் ஆழம். அந்த இரண்டாவது வெளிச்சம்தான் வரவில்லை. பக்கத்தில் இன்னொரு மீட்டர், அது படகின் வேகம். அதன் முள்ளும் சோம்பிக் கிடந்தது.

மாலையில் தவுக்கே வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தாதவர். உயர்த்தாத குரல்தான் அதிகம் பயமுறுத்துகிறது. படகின் அடியில் ஒரு கண் பதித்திருக்கிறது, அது சத்தம் அனுப்பும், சத்தம் கடலடியில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தைத்தான் இது அடியாகக் காட்டுகிறது என்று அவர் மலாயில் சொல்ல, மச்சான் எனக்குச் சொன்னார். எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் ஊரில் புதுக் கிணற்றின் ஆழம் பார்க்க ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். இதுவும் அந்த வேலைதான், கல்லுக்குப் பதில் டிக் டிக் சத்தம்.

தவுக்கே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒங்க ஊர்ல கடல் இருக்கான்னு கேக்காக."

"கண்மாய் இருக்குன்னு சொல்லுங்க."

"தண்ணி இருக்கான்னு கேப்பாக."

"அத மட்டும் சொல்லாதீக."

மூன்றாம் நாள் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. ஒயரையெல்லாம் மீட்டர் வைத்துச் சோதித்தேன், நன்றாக இருந்தது. பெட்டிக்குள்ளும் பழுதில்லை. சரி, கண்ணையே கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று அடித்தட்டுப் பலகையைத் தூக்கினேன். அங்கே கைமுட்டி அளவில் இரண்டு உருண்டைகள், இரண்டிலிருந்தும் ஒயர். முன்னால் இருந்தது பெரிய நட்டுப் போட்டு இறுக்கியது, அசையவில்லை. பின்னால் இருந்ததற்கு மூடியும் பிடிப்பதற்கு ஒரு வளையமும் இருந்தன. கழற்ற வசதியாக இருப்பதைக் கழற்றுவதுதான் மெக்கானிக் புத்தி. வளையத்தைப் பிடித்து இழுத்தேன்.

என் மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் முகத்தில் அடித்தது.

சத்தியமாக, நான் அதை எதிர்பார்க்கவில்லை. கடல் மேல் நிற்கும் படகின் அடியில் ஓட்டையைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பீர்கள். எங்கள் பிழைப்பு வேறு. நான் அதுவரை எத்தனையோ கிணற்றில் இறங்கிப் பைப்பையும் வால்வையும் கழற்றியிருக்கிறேன். அடியில் எதைக் கழற்றினாலும் தண்ணீர் தானாக மேலே வந்ததில்லை. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் போட்டு இழுத்தாலே காற்றும் சேறும்தான் வரும்.

"ஏலே! மூடுறா! மூடுறா!" என்று மச்சான் அலறினார். கழற்றியதைப் பதற்றத்தில் நான் கீழே போட்டிருந்தேன், அது உருண்டு பலகைக்கு அடியில் போய்விட்டது. ஓட்டையை அடைப்பதற்கென்றே கூம்பு மாதிரி ஒரு மரக்கட்டையைப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். கயிறு இருந்தது, கட்டை இல்லை. மச்சான் யோசிக்கவே இல்லை. தோள் துண்டை ஓட்டையில் திணித்து, அதன் மேல் தன் முழு எடையையும் வைத்து உட்கார்ந்துவிட்டார். நீந்தத் தெரியாத மனுஷன், இடுப்பளவு நனைந்து, கண்ணை இறுக்கி மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தவழ்ந்து துழாவி உருண்டையைக் கண்டுபிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி அவர் எழ, நான் அழுத்த, தண்ணீர் நின்றது.

கழற்றியதன் அடியில் பல்சக்கரம் போல ஒரு குட்டிச் சக்கரம் இருந்ததை அந்தக் களேபரத்திலும் பார்த்துவிட்டேன். நான் பிடுங்கியது ஆழத்தின் கண் இல்லை. தண்ணீர் ஓடும் வேகத்தில் சுற்றி வேகத்தைக் காட்டும் சக்கரம். பாசி பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் அதற்கு வளையமும் கட்டையும். இறுக்கிப் போட்ட முன்னால் உருண்டைதான் கண். அதைத் தண்ணீரில் வைத்துத் தொடவே கூடாது.

வாளி வாளியாக இறைத்துக் கொட்டினோம். பக்கத்துப் படகில் வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்காரர் தன் கூட்டாளியிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன்.

"இந்தியாக்காரங்க படகுக்குள்ளயே குளிக்கிறாங்கங்கான்" என்றார் மச்சான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிழைத்துக் கிடக்கிறோம் என்ற நினைப்பே எங்களைச் சிரிக்க வைத்தது.

"அடைக்கிற கட்டை எங்க மச்சான்?"

"இங்கனதான் தொங்குச்சு. பெயின்ட் அடிக்கையில எங்க போச்சோ, தெரியல."

அன்று சாயங்காலமே ஒரு கட்டையைச் செதுக்கிக் கயிற்றில் கட்டினார். பழைய கட்டை தொலைந்ததைத் தவுக்கேயிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் சக்கரத்துக்கு ஒரு ரப்பர் வளையமும், நைசான உப்புத்தாளும் வாங்கத் தனியாகக் கிளம்பினேன். கூட்டம் ஒரு வரிசையில் நின்றது, பஸ்ஸுக்கென்று நானும் நின்றேன். வரிசை நகர்ந்தது, நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். என்னடா பஸ் இவ்வளவு அகலமாக இருக்கிறதே என்று பார்ப்பதற்குள் ஊர் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அது அக்கரைக்குப் போகும் ஃபெர்ரி. இறங்காமல் அதிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தேன். மல்லாங்கிணற்றுக்கு ஏறவேண்டியவன் காரியாபட்டியில் இறங்கியது உண்டு. கடலையே தாண்டியது இதுதான் முதல் தடவை.

அதற்குள் மழை. அந்த ஊரில் மழை பெய்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் நாசி கண்டார் சாப்பிட்டேன். சோற்றின் மேல் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். பார்க்கக் கல்யாண வீட்டு மிச்சம் போல, ருசியோ தனி. பரிமாறியவர் இராமநாதபுரத்துக்காரர். அருப்புக்கோட்டை என்றதும் இன்னொரு கரண்டி ஊற்றினார். "அங்கிட்டு மழை உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கேட்காமலே ஒரு மீன் துண்டையும் வைத்தார். ரப்பர் வளையம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னவரும் அவர்தான்.

ஐந்தாம் நாள் தைப்பூசம். ஊரே காவடியோடு தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பௌர்ணமியில் கடல் நன்றாக வற்றும் என்பதால், தவுக்கேயிடம் அனுமதி வாங்கி, முந்தின நாள் கடல் ஏறியிருந்தபோதே படகைக் கரையோரக் கம்பங்களில் சேர்த்துக் கட்டியிருந்தோம். விடிந்தபோது தண்ணீர் இறங்கி, படகு சேற்றுத் தரையில் காலூன்றி நின்றது. திரும்பத் தண்ணீர் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெரிய வற்றலுக்குள் மச்சானின் கெடு முடிந்துவிடும்.

முழங்கால் சேற்றில் மல்லாந்து படகுக்கு அடியில் போனேன். முதலில் சக்கரம். சிப்பிப்பூச்சி நாலைந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. சுரண்டி, கழுவி, புது வளையம் மாட்டி, விரலால் சுண்டினேன்.

"ஏறுதா மச்சான்?"

"ஏறுது! ஏறுது! ஆ... எறங்குது!"

வேகம் சரியாகிவிட்டது. அடுத்து கண். அது இருந்த இடமே தெரியவில்லை. அடிப்பாகம் முழுக்க ஒரே கருஞ்சிவப்புப் பெயின்ட். கையால் தடவித்தான் ஒரு வட்டத்தைக் கண்டேன். மற்ற இடத்தைவிட அங்கே தடிப்பு. கத்தி பட்டால் முகம் கீறிவிடும் என்று மூங்கில் சிராயால் மெதுவாகச் சுரண்டினேன். ஒரு பூச்சு, இரண்டாம் பூச்சு, மூன்று, நான்கு. அதற்கும் கீழே பெயின்ட் அப்பளமாக உப்பிப் பெயர்ந்து வந்தது. சிவப்பாக ஒரு பொடி மூக்கில் விழுந்தது. அதற்குப் பின்னால் மஞ்சளாகக் காய்ந்து வெடித்த ஒரு பூச்சு.

சேற்று நாற்றத்துக்கு நடுவில் எனக்குச் சந்தன வாசனை வந்தது. வருஷா வருஷம் என் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மறுநாள் வருகிற அதே வாசனை.

"மச்சான்! இங்க வாங்க. இது என்ன?"

மச்சான் குனிந்து பார்த்தார். பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பூசை போட்டேன் மாப்ள. சுக்கான், பாய்மரம், நங்கூரம் எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். கடலுக்கடியில கெடந்து வழி காட்டுறது இந்தக் கண்ணுதான், இதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"வச்சீக சரி. தொடைக்கலயா?"

"சாமிக்கு வச்சத எப்படித் தொடைக்க? தண்ணியில கரைஞ்சிருமேன்னுதான் மேல பெயின்ட் அடிச்சேன்."

"எல்லா எடத்துக்கும் நாலு கோட்டா?"

"இல்ல, மத்ததுக்கு ரெண்டு. இது கரையவே கூடாதுன்னு இதுக்கு மட்டும் நாலு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். படகுக்கு அடியில் சேற்றில் படுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். காய்ந்த சந்தனம் பொடிந்து, பெயின்ட்டுக்கு அடியில் காற்று நின்றுவிட்டது. சத்தம் வெளியே போகவே இல்லை. கிணற்று வாயில் சாக்கை விரித்துவிட்டு மேலே கல்லைப் போட்டால் எப்படிக் கேட்கும்? வட்டத்தைச் சுத்தமாகக் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெயின்ட் போடாமல் பளிச்சென்று விட்டேன். வேலை முடியும்போது தண்ணீர் என் முதுகுக்கு வந்திருந்தது.

அதன் பிறகு காத்திருப்பு. அக்கா பானகமும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்தாள். யாருக்கும் இறங்கவில்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் படகைத் தூக்கியது. மச்சான் சுவிட்சைப் போட்டார். பூஜ்யத்தில் வெளிச்சம். அதைத் தாண்டி, நாலடியில், மெல்லிசாக இன்னொரு சிவப்பு மினுக்கியது. மச்சான் நம்பாமல் கயிற்றில் இரும்பைக் கட்டி இறக்கி அளந்தார். கணக்குச் சரியாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

மறுநாள் தவுக்கே படகை வெளியே ஓட்டிப் பார்த்தார். கரை விலக விலகச் சிவப்பு வெளிச்சம் பத்து, இருபது, நாற்பது என்று நகர்ந்தது. அறுபதில் நின்றபோது எனக்குப் பந்தல்குடிக் கிணறு ஞாபகம் வந்தது. அதுவும் அறுபதடி. அங்கே அறுபதடியும் வெறும் காற்று, இங்கே அறுபதடியும் தண்ணீர். ஒரு வாளி மொண்டு அனுப்ப வழியிருந்தால் தேவலாம் என்று அசட்டுத்தனமாக நினைத்தேன். தவுக்கே என்ன பழுது என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். பெயின்ட் தடிப்பு என்றேன். பொய் இல்லை, பாதி உண்மை. தவுக்கே தலையாட்டினார். காதுகுத்துக்கு வருகிறேன், அனுமதித் தாளை அங்கே தருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை காதுகுத்து. பலகை வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கம் எல்லாம் கூடியிருந்தது. தவுக்கே ஆரஞ்சுப் பழக் கூடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டைப் பையில் மடித்த தாள் தெரிந்தது. பட்டுப் பாவாடை கட்டிய வள்ளி என் மடியில், பொம்மை அவள் மடியில். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். வள்ளி போட்ட அலறலில் கையிலிருந்த பொம்மை பறந்தது. சுற்றியிருந்த சேலைத் துண்டு வழியில் அவிழ்ந்து விழ, வெறும் மரம் மட்டும் உருண்டுபோய்த் தவுக்கேயின் செருப்பில் முட்டி நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். கூம்பு மாதிரி ஒரு கட்டை. தலைப்பக்கம் கயிறு கட்ட ஓட்டை. படகின் ஓட்டையை அடைக்கும் கட்டை அது. கடலில் நாலு உயிரைக் காப்பாற்ற வேண்டியது, நெற்றியில் பொட்டோடு தொட்டிலில் தூங்கியிருக்கிறது.

"பூசை போட்டுக் கொண்டாந்து சாமி அலமாரியில வச்சீகளே, அதுதானே இது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். "நான் ஏதோ சாமிக் கட்டைன்னு நெனச்சேன். புள்ள எடுத்து வெளையாண்டுச்சு, விட்டுட்டேன்."

மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து தவுக்கே முன்னால் போய் நின்றார். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. மலாயில் பேசினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை, ஆனால் கை எல்லாவற்றையும் சொன்னது. நெற்றியில் பொட்டு வைத்துக் காட்டினார், பிரஷ்ஷால் நாலு தடவை இழுத்துக் காட்டினார், தண்ணீர் பீறியதைக் காட்டினார், தான் அதன் மேல் உட்கார்ந்ததையும் காட்டினார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

தவுக்கே கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வள்ளி அழுகையை நிறுத்தாமல் அதற்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து வந்து, கீழே கிடந்த சேலைத் துண்டைக் கட்டையின் கழுத்தில் சுற்றி, அவள் கையில் கொடுத்தார். அழுகை நின்றது. அந்த நேரம் பார்த்து ஆசாரி அடுத்த காதையும் குத்திவிட்டார். தவுக்கே மச்சானிடம் திரும்பி ஏதோ சொன்னார். அக்கா என் காதில் சொன்னாள்: "நாங்க சீனாக்காரங்களும் படகு மூக்குல செவப்புத் துணி கட்டுவோம், ஆனா கண்ண மறைச்சுக் கட்ட மாட்டோங்காக. ஓட்டை மேல ஒக்காந்த ஆளு வேற எவனும் தனக்குக் கெடைக்க மாட்டான்னு சொல்லுறாக."

பேனா கேட்டார். என் பேனாவைக் கொடுத்தேன். தகரப் பெட்டியின் மேல் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பழத்தை உரித்து வள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா தாளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு கையில் என் பேனா, மறுகையில் குங்குமச் சிமிழ்.

"மாப்ள, கோவிச்சுக்காத. இதுக்கு ஒரே ஒரு பொட்டு வச்சுக்கிறட்டா?"

"தாராளமா வைங்க மச்சான். நிப்புல மட்டும் வச்சிராதீக."